ஜான் மியூர்

ஜான் மியூர் (ஏப்ரல் 21, 1838 – டிசம்பர் 24, 1914) ஸ்கொட்லாந்தில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் வாழ்ந்த இயற்கையியலாளர், எழுத்தாளர், மலையேறுநர் ஆவார். கலிபோர்னியா மாநிலத்தின் சியெரா நெவாடா மலைத்தொடரில் அமைந்துள்ள யோசெமிட்டி பள்ளத்தாக்கைப் பனியாறுகள் செதுக்கின என்பதைக் கள ஆய்வின் மூலம் எடுத்துக்காட்டியவர்களில் இவர் முதன்மையானவர். 1890இல் யோசெமிட்டி தேசியப் பூங்கா உருவாவதற்கு இவருடைய எழுத்துகள் முக்கிய காரணமாக அமைந்தன. 1892இல் தொடங்கப்பட்ட சியெரா கழகத்தின் முதல் தலைவராகப் பொறுப்பேற்ற இவர், இறக்கும் வரை அப்பொறுப்பில் இருந்தார்.

மலை, பள்ளத்தாக்கு, பனியாறு போன்ற நிலவியல் மரபிடங்களை மக்கள் நேரில் வந்து கண்டால், அவற்றைக் காக்க அவர்களே முன்வருவர் என்பது மியூரின் உறுதியான நம்பிக்கை. ஆகவே அவர் சுற்றுலாவை இயற்கைப் பாதுகாப்பின் துணைவனாகக் கருதினார். அந்த நம்பிக்கை பல இடங்களைக் காப்பாற்றியது. ஓர் இடத்தில் தோற்றது. வென்ற இடங்களிலோ, பார்வையாளர் நெரிசல் என்னும் புதிய சிக்கலையும் விட்டுச் சென்றது. இயற்கை மரபிடங்களில் சுற்றுலாவையும் பாதுகாப்பையும் எவ்வாறு ஒருங்கே பேணுவது என்னும் விவாதத்தில் மியூரின் வாழ்க்கை இன்றும் எடுத்துக்காட்டாகக் கூறப்படுவதற்கு இதுவே காரணம்.

இளமைக்காலம்

மியூர், ஸ்கொட்லாந்தின் கிழக்குக் கடற்கரையில் உள்ள டன்பார் என்னும் ஊரில் டேனியல் மியூர், ஆன் கில்ரி இணையருக்கு மூன்றாவது பிள்ளையாகப் பிறந்தார். இவருடன் பிறந்தவர்கள் எழுவர். 1849இல் இக்குடும்பம் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் குடியேறிக் காட்டைத் திருத்திப் பண்ணை அமைத்தது. தந்தை கடுமையான சமயப் பற்றுடையவர். விவிலியத்தின் புதிய ஏற்பாடு முழுவதையும் பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதியையும் மியூர் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்ய நேர்ந்தது.

குடும்பத்தின் இரண்டாவது பண்ணையில் கிணறு தோண்டும் பணி மியூரிடம் ஒப்படைக்கப்பட்டது. சுத்தியலையும் உளியையும் மட்டுமே கொண்டு, மணற்பாறையை ஏறத்தாழ 27 மீட்டர் ஆழத்திற்கு அவர் தனியொருவராக வெட்டினார். ஒரு நாள் காலையில் கிணற்றின் அடியில் தேங்கியிருந்த கரியமில வாயுவால் மயங்கிய அவரை மேலே இருந்தவர்கள் வாளியில் தூக்கிக் காப்பாற்றினர். சில நாட்கள் ஓய்வெடுத்த பின் மீண்டும் அதே கிணற்றில் இறங்கி வேலையை முடித்தார்.

இயந்திரவியல் ஆர்வமும் கண் விபத்தும்

பகல் முழுவதும் பண்ணை வேலை இருந்ததால், மியூர் நள்ளிரவு கடந்து ஒரு மணிக்கே எழுந்து படித்தும் மரத்தாலான பொறிகளைச் செய்தும் வந்தார். மரக் கடிகாரங்களையும், குறித்த நேரத்தில் சாய்ந்து தூங்குபவரை எழுப்பிவிடும் கட்டிலையும் அவர் உருவாக்கினார். 1860இல் மாடிசன் நகரில் நடைபெற்ற மாநிலக் கண்காட்சியில் இவை பலரின் கவனத்தை ஈர்த்தன. 1861இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து வேதியியல், தாவரவியல், நிலவியல் ஆகியவற்றைக் கற்றார். அங்கு பேராசிரியர் எஸ்ரா கார் மூலமாகப் பனியூழிக் கோட்பாட்டை அறிந்தார். பட்டம் பெறாமலேயே 1863இல் பல்கலைக்கழகத்தை விட்டு விலகினார்.

அதன் பின்னர் கனடாவில் ஒரு மர ஆலையிலும், 1866 முதல் இண்டியானாபொலிஸ் நகரில் வண்டி உறுப்புகள் செய்யும் தொழிற்சாலையிலும் பணியாற்றினார். இயந்திரங்களைச் சீரமைப்பதில் அவருக்கிருந்த திறமை அங்கு பெரிதும் மதிக்கப்பட்டது. மார்ச் 1867இல் கையிலிருந்த அரம் நழுவி வலக்கண்ணைத் துளைத்தது. சில நாட்களில் இடக்கண்ணும் பார்வையிழந்தது. பல வாரங்கள் இருட்டறையில் கிடந்த மியூருக்குப் பார்வை மெல்ல மெல்லத் திரும்பியது. இனி எஞ்சிய வாழ்நாளை இயற்கையைக் காண்பதிலேயே செலவிடுவது என அவர் முடிவு செய்தார்.

அதே ஆண்டு செப்டம்பரில் கென்டக்கியிலிருந்து புளோரிடாவின் வளைகுடாக் கரை வரை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நடந்தார். புளோரிடாவில் மலேரியாக் காய்ச்சலால் துன்புற்றார். பின்னர் கியூபா சென்று, பனாமா வழியாக மார்ச் 1868இல் சான் பிரான்சிஸ்கோவை அடைந்தார். அங்கிருந்து நடந்தே யோசெமிட்டியைச் சென்றடைந்தார்.

மியூருக்கு முந்தைய யோசெமிட்டி

யோசெமிட்டி பள்ளத்தாக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நீளமுடையது. இருபுறமும் செங்குத்தான கருங்கற் சுவர்கள் சில இடங்களில் ஒரு கிலோமீட்டர் அளவுக்கு உயர்ந்து நிற்கின்றன. எல் கேப்பிட்டன் என்னும் ஒற்றைப் பாறை, பாதியாக வெட்டப்பட்ட கோளம் போலத் தோன்றும் ஹாஃப் டோம், 739 மீட்டர் உயரத்திலிருந்து மூன்று கட்டங்களாக விழும் யோசெமிட்டி அருவி ஆகியவை இங்கு புகழ்பெற்றவை. இப்பள்ளத்தாக்கு அவானீச்சி எனப்படும் பழங்குடி மக்களின் தாயகமாகும். 1851இல் மாரிபோசா படை என்னும் ஆயுதக் குழு இங்கு நுழைந்து அவர்களை வெளியேற்றியது.

1855இல் ஜேம்ஸ் ஹட்சிங்ஸ் என்பவர் முதல் சுற்றுலாக் குழுவை இங்கு அழைத்து வந்தார். பின்னர் இவர் விடுதி நடத்தியதோடு, படங்களையும் கட்டுரைகளையும் வெளியிட்டு இடத்தைப் பிரபலப்படுத்தினார். ஜூன் 30, 1864 அன்று குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட சட்டம், பள்ளத்தாக்கையும் அருகிலிருந்த மாரிபோசா பெருமரத் தோப்பையும் கலிபோர்னியா மாநிலத்திடம் ஒப்படைத்தது. பொதுமக்களின் பயன்பாட்டிற்காக மட்டுமே இவை என்றென்றும் பேணப்பட வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

1865இல் நிலத்தோற்றக் கலைஞர் பிரெடரிக் லா ஓல்ம்ஸ்டெட் இவ்விடத்தின் நிர்வாகம் குறித்து ஓர் அறிக்கை தயாரித்தார். அப்போது ஆண்டுக்குச் சில நூறு பேரே வந்துகொண்டிருந்தனர். ஒரு நூற்றாண்டில் அந்த எண்ணிக்கை பல இலட்சங்களைத் தொடும் என்றும், ஒருவர் செய்யும் சிறு சேதம் இலட்சக்கணக்கானவர்களால் பெருகும்போது பேரழிவாகும் என்றும் அவர் கணித்தார். எனவே தேவைக்கு மேல் ஒரு கட்டடமும் எழுப்பக்கூடாது என்றார். இவ்வறிக்கை சட்டமன்றத்தைச் சென்றடையாமல் ஒதுக்கப்பட்டது. 1952இல்தான் அது மீண்டும் கண்டெடுக்கப்பட்டது.

பள்ளத்தாக்கில் மியூர்

1869 கோடையில் ஏறத்தாழ 2,000 ஆடுகள் கொண்ட மந்தையுடன் மியூர் சியெரா மலையின் உயர்நிலப் புல்வெளிகளுக்குச் சென்றார். ஆடுகள் கடந்து சென்ற இடங்களில் புல்லும் பூச்செடிகளும் வேரோடு அழிவதை அவர் அப்போதே கண்டார். அவ்வாண்டின் இறுதியில் ஹட்சிங்ஸ் அவரை ஒரு மர ஆலை அமைத்து நடத்தப் பணியமர்த்தினார். புயலில் விழுந்த மரங்களை மட்டுமே மியூர் அந்த ஆலையில் அறுத்தார். அப்பலகைகள் விருந்தினர் தங்குமிடங்களைக் கட்டவே பயன்பட்டன. பிற்காலத்தில் பள்ளத்தாக்கின் காவலராக அறியப்பட்ட மியூர், அங்கு சுற்றுலாவுக்கான முதல் கட்டடங்கள் எழுவதற்கும் உழைத்தவர் ஆவார்.

ஹட்சிங்ஸ் இல்லாத நாட்களில் விருந்தினர்களுக்கு வழிகாட்டும் வேலையும் மியூரைச் சேர்ந்தது. குதிரையில் வந்து, அருவியை ஒருமுறை பார்த்துவிட்டு உடனே திரும்புபவர்கள் மீது அவருக்கு நன்மதிப்பு இருக்கவில்லை. ஆனால் நின்று கேட்பவர்களுக்குப் பாறைகளின் வரலாற்றைப் பொறுமையுடன் விளக்கினார். 1870இல் நிலவியலாளர் ஜோசப் லகோன்ட்டும், 1871இல் எழுத்தாளர் ரால்ஃப் வால்டோ எமர்சனும் இவரைச் சந்தித்தனர்.

இதற்கிடையே பள்ளத்தாக்கில் தமக்கு நிலவுரிமை உண்டு என ஹட்சிங்ஸ் தொடுத்த வழக்கில், 1872இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பொதுமக்களுக்காக ஒதுக்கப்பட்ட மரபிடத்தைத் தனியார் உரிமையாக்க இயலாது என்பது இதனால் உறுதியாயிற்று.

பனியாற்றுக் கோட்பாடு

பள்ளத்தாக்கின் தோற்றம் குறித்து அக்காலத்தில் செல்வாக்குப் பெற்றிருந்தது கலிபோர்னியா நிலவியல் ஆய்வகத்தின் தலைவர் ஜோசையா விட்னியின் கருத்து. பெரும் நில அதிர்வு ஒன்றில் தரை கீழிறங்கியதால் பள்ளத்தாக்கு உருவானது என்று அவர் கூறினார். மியூர் இதனை ஏற்கவில்லை. பாறைகளின் மேல் காணப்பட்ட பளபளப்பு, ஒரே திசையில் செல்லும் கீறல்கள், தாய்ப்பாறையிலிருந்து வெகுதொலைவில் கிடக்கும் கற்பாறைகள், பனியாறு விட்டுச்செல்லும் மண்-கல் மேடுகள் ஆகியவற்றைச் சான்றாகக் காட்டினார். ஆடு மேய்த்தவரின் கூற்று என விட்னி இதனை ஒதுக்கினார்.

1871இல் மெர்செட் சிகரத்தின் அருகே உயிர்ப்புள்ள பனியாறு ஒன்றை மியூர் கண்டறிந்தார். அவ்வாண்டு டிசம்பரில் நியூயோர்க் நாளிதழ் ஒன்றில் யோசெமிட்டியின் பனியாறுகள் பற்றிய அவரது கட்டுரை வெளியானது. 1872 ஆகஸ்டில் மக்லூர் பனியாற்றின் குறுக்கே நேர்கோட்டில் மரமுளைகளை அடித்து வைத்தார். 46 நாட்கள் கழித்துச் சென்று பார்த்தபோது, நடுவிலிருந்த முளை ஏறத்தாழ 119 சென்டிமீட்டர் நகர்ந்திருந்தது. பனி நகர்கிறது என்பதற்கு எளிய, மறுக்க இயலாத சான்றாக இது அமைந்தது.

அதே ஆண்டு மார்ச் 26 அன்று ஓவன்ஸ் பள்ளத்தாக்கை மையமாகக் கொண்ட பெரும் நிலநடுக்கம் யோசெமிட்டியையும் உலுக்கியது. நள்ளிரவு கடந்த வேளையில் வெளியே ஓடிவந்த மியூர், ஒரு பாறைமுகடு உடைந்து சரிவதை நிலவொளியில் கண்டார். சுவர்களின் அடியில் குவிந்துள்ள கற்குவியல்கள் எவ்வாறு தோன்றுகின்றன என்பதை அதன் மூலம் விளக்கினார்.

மியூர் பனியின் பங்கைச் சற்று மிகைப்படுத்தினார் என்பது பின்னர் தெரியவந்தது. 1930இல் வெளியான பிரான்சுவா மத்தேயின் விரிவான ஆய்வு, ஆறுகள் முதலில் ஆழமாக அரித்த பள்ளத்தைப் பனியாறுகள் அகலப்படுத்தி இன்றைய வடிவத்தைத் தந்தன எனக் காட்டியது. எனினும் அடிப்படையில் விட்னியைக் காட்டிலும் மியூரே உண்மைக்கு நெருங்கியிருந்தார்.

தேசியப் பூங்காவுக்கான முயற்சி

1874, 1875 ஆகிய ஆண்டுகளில் வண்டிப் பாதைகள் பள்ளத்தாக்கை எட்டின. பார்வையாளர்கள் பெருகினர். அவர்களுடைய குதிரைகளுக்கு வைக்கோல் வளர்ப்பதற்காகப் புல்வெளிகள் உழப்பட்டு வேலியிடப்பட்டன. மரங்கள் வெட்டப்பட்டன. மாரிபோசா தோப்பில் 1881இல் ஒரு பெருமரத்தின் அடியைக் குடைந்து குதிரை வண்டிகள் செல்லும் சுரங்கவழி ஆக்கினர். பலரும் விரும்பிப் படமெடுத்த அம்மரம் 1969இல் பனிச்சுமை தாங்காமல் சாய்ந்தது.

மியூர் 1880இல் லூயி ஸ்ட்ரென்சல் என்பவரை மணந்து மார்ட்டினஸ் நகரில் பழத்தோட்டத்தை நிர்வகித்து வந்தார். இவர்களுக்கு வாண்டா, ஹெலன் என இரு மகள்கள். ஏறக்குறைய பத்தாண்டுகள் குறைவாகவே எழுதிய மியூரை மீண்டும் எழுத வைத்தவர், செஞ்சுரி இதழின் துணையாசிரியர் ராபர்ட் அண்டர்வுட் ஜான்சன். 1889 ஜூனில் இருவரும் டுவாலமி புல்வெளியில் முகாமிட்டிருந்தனர். ஆடுகளால் அழிந்த நிலத்தைக் கண்ட ஜான்சன், ஒரு தேசியப் பூங்காவுக்காக எழுதுமாறு மியூரை வேண்டினார்.

1890 ஆகஸ்ட், செப்டம்பர் இதழ்களில் மியூரின் இரு கட்டுரைகள் வெளிவந்தன. 1864ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளத்தாக்கின் சுவர்களை மட்டுமே எல்லையாகக் கொண்டிருந்தது. அருவிகளுக்கு நீர் தரும் மேட்டுநிலங்கள் அதற்கு வெளியே இருந்தன. ஊற்றுக்கண்ணைக் காக்காமல் அருவியைக் காக்க இயலாது என்பதே மியூரின் வாதம். அக்டோபர் 1, 1890 அன்று பள்ளத்தாக்கைச் சூழ்ந்த ஏறத்தாழ 3,900 சதுர கிலோமீட்டர் பரப்பு தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்பட்டது. பயணிகளின் வருகையால் வருவாய் பெறக்கூடிய சதர்ன் பசிபிக் தொடர்வண்டி நிறுவனம் இச்சட்டத்திற்குப் பின்னணியில் துணை நின்றது. 1891 முதல் குதிரைப்படை வீரர்கள் பூங்காவைக் காத்து, ஆட்டுமந்தைகளை வெளியேற்றினர்.

பள்ளத்தாக்கு மட்டும் மாநில அரசிடமே தொடர்ந்து இருந்தது. 1903 மே மாதம் குடியரசுத் தலைவர் தியொடோர் ரூசவெல்ட் மூன்று இரவுகள் மியூருடன் யோசெமிட்டியில் முகாமிட்டார். பள்ளத்தாக்கையும் நடுவண் அரசே ஏற்க வேண்டியதன் தேவையை மியூர் அவரிடம் எடுத்துரைத்தார். 1905இல் மாநிலச் சட்டமன்றம் இதற்கு ஒப்புதல் அளித்தது. 1906இல் பள்ளத்தாக்கும் தோப்பும் தேசியப் பூங்காவுடன் இணைந்தன.

சியெரா கழகம்

மே 28, 1892 அன்று சான் பிரான்சிஸ்கோவில் சியெரா கழகம் தொடங்கப்பட்டது. மலைப்பகுதிகளை ஆராய்தல், அவற்றை அனுபவித்தல், மக்கள் அணுகக்கூடியவையாக ஆக்குதல் ஆகியன அதன் நோக்கங்களாக எழுதப்பட்டன. 1901 முதல் கழகம் ஆண்டுதோறும் கோடைப் பயணங்களை நடத்தியது. பூங்காவை நேரில் கண்டவர்களே அதற்காகக் குரல் கொடுப்பர் என்பது இப்பயணங்களின் அடிப்படை எண்ணம். மியூரும் பலமுறை இவற்றில் பங்கேற்றார்.

மியூர் இறந்து 37 ஆண்டுகள் கழித்து, 1951இல், கழகம் தன் நோக்கத்தை மாற்றியது. அணுகக்கூடியவையாக ஆக்குதல் என்பதன் இடத்தில் பேணிக் காத்தல் என்பது சேர்க்கப்பட்டது. அதற்குள் மலைகளைச் சென்றடைவது எளிதாகியிருந்தது. காப்பதே கடினமாகியிருந்தது.

பிற மரபிடங்கள்

மியூர் 1879 முதல் ஏழுமுறை அலாஸ்காவுக்குப் பயணம் செய்தார். அவர் எழுதிய கட்டுரைகளால் பனியாற்று விரிகுடா புகழ்பெற்றது. 1883 முதல் நீராவிக் கப்பல்கள் சுற்றுலாப் பயணிகளை அங்கு அழைத்துச் சென்றன. கடலில் உடைந்து விழும் மியூர் பனியாறே அப்பயணத்தின் உச்சம். 1899 செப்டம்பரில் ஏற்பட்ட நிலநடுக்கம் பனியாற்றைப் பெருமளவில் உடைத்து, விரிகுடாவைப் பனிக்கட்டிகளால் நிறைத்தது. அதனால் சில ஆண்டுகள் கப்பல்கள் அதனை நெருங்க இயலவில்லை.

1902இல் கிராண்ட் கன்யன் பற்றி மியூர் எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் தொடர்வண்டிப் பாதை அம்மாபெரும் மலையிடுக்கின் தென்விளிம்பை அடைந்திருந்தது. இடத்தின் பேரளவின் முன்னே தொடர்வண்டி ஒரு சிறு பூச்சி போன்றதே எனக் கருதிய மியூர், அதனால் பெரிய கேடு நேர்ந்துவிடவில்லை என்று மதிப்பிட்டார்.

மகள் ஹெலனின் உடல்நலம் கருதி 1905–1906 காலத்தில் மியூர் அரிசோனாவின் வறண்ட நிலத்தில் தங்கினார். அங்குள்ள கல்மரங்களை அவர் ஆராய்ந்தார். பல கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்த மரங்களின் திசுக்களில் சிலிக்கா படிந்து உருவானவை இவை. படிகங்களுக்காக இம்மரங்களை வெடிவைத்துத் தகர்த்தவர்களும் உண்டு. பயணிகளும் துண்டுகளை எடுத்துச் சென்றனர். டிசம்பர் 8, 1906 அன்று ரூசவெல்ட் இதனைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார். அருவியோ பனியாறோ ஓரளவு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். எடுத்துச் செல்லப்பட்ட கல்மரம் மீண்டும் உருவாவதில்லை. எனவே இத்தகைய இடங்களில் பார்வையாளரின் சிறு செயலும் நிலையான இழப்பாகிவிடுகிறது.

ஹெட்ச் ஹெட்சி போராட்டம்

யோசெமிட்டி பள்ளத்தாக்கின் வடக்கே, அதே பூங்காவினுள், அதனைப் பெரிதும் ஒத்த ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கு உள்ளது. இங்கு அணைகட்டிக் குடிநீர் பெற சான் பிரான்சிஸ்கோ நகரம் விரும்பியது. 1906ஆம் ஆண்டு நிலநடுக்கமும் தீயும் நகரை அழித்த பின் இக்கோரிக்கை வலுப்பெற்றது. இயற்கை வளங்கள் பெரும்பான்மை மக்களுக்குப் பயன்பட வேண்டும் என்ற கொள்கையுடைய வனத்துறைத் தலைவர் கிஃபோர்ட் பின்சோ அணையை ஆதரித்தார்.

இப்போராட்டத்தில் இரு தரப்பினரும் சுற்றுலாவையே வாதமாகப் பயன்படுத்தினர். யோசெமிட்டியில் நெரிசல் கூடும்போது ஹெட்ச் ஹெட்சி தேவைப்படும் என்றும், பாதையும் விடுதியும் அமைத்தால் மக்கள் வருவர் என்றும் மியூர் தரப்பு கூறியது. அங்கு செல்வோர் மிகச் சிலரே என்று அணை ஆதரவாளர்கள் பதிலளித்தனர். 1912இல் நகரின் சார்பில் பொறியாளர் ஜான் ஃபிரீமன் அளித்த அறிக்கை, அழகிய ஏரியையும் அதனைச் சுற்றிச் செல்லும் சாலையையும் படங்களாகக் காட்டியது. அணை வந்தால் பயணிகள் பெருகுவர் என்றும் அது வாதிட்டது.

நாடெங்குமிருந்து செய்தித்தாள்களும் பெண்கள் அமைப்புகளும் மியூருக்கு ஆதரவளித்தன. எனினும் டிசம்பர் 6, 1913 அன்று மேலவையில் 43க்கு 25 என்ற வாக்குகளில் ரேக்கர் சட்டம் நிறைவேறியது. டிசம்பர் 19 அன்று குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் அதில் கையெழுத்திட்டார். அணை 1923இல் கட்டி முடிக்கப்பட்டது. 1934இல் நீர் நகரை அடைந்தது. விரிகுடாப் பகுதியின் ஏறத்தாழ 27 இலட்சம் மக்களுக்கு இந்நீர்த்திட்டம் பயனளிக்கிறது.

தானுந்துகள்

யோசெமிட்டிக்குள் முதல் தானுந்து 1900இல் வந்தது. 1907இல் அவை தடை செய்யப்பட்டன. அதே ஆண்டு தொடர்வண்டிப் பாதை பூங்காவின் எல்லையை அடைந்தது. 1912 அக்டோபரில் யோசெமிட்டியில் நடந்த தேசியப் பூங்காக்கள் மாநாட்டில், தானுந்துகளை அனுமதிப்பது முக்கிய விவாதமாயிற்று. அதில் கலந்துகொண்ட மியூர் இதனை எதிர்த்துப் போராடவில்லை. தானுந்துகள் எப்படியும் வந்துவிடும் என அவர் உணர்ந்திருந்தார். அவற்றில் வருவோரால் பூங்காக்களுக்கு ஆதரவு பெருகும் என்பது அவரது கழகத்தினரின் எதிர்பார்ப்பு. ஹெட்ச் ஹெட்சியைக் காக்க மக்கள் திரள் தேவைப்பட்ட நேரம் அது. 1913இல் தடை நீக்கப்பட்டது.

மறைவு

மனைவி லூயி 1905இல் இறந்தார். அணைச் சட்டம் நிறைவேறி ஓராண்டு கடந்த பின், டிசம்பர் 24, 1914 அன்று, லாஸ் ஏஞ்சலஸ் நகர மருத்துவமனையில் நுரையீரல் அழற்சியால் மியூர் காலமானார். அப்போது அவருக்கு வயது 76.

மியூருக்குப் பின்

ஆகஸ்ட் 25, 1916 அன்று தேசியப் பூங்காச் சேவை உருவாக்கப்பட்டது. இயற்கையைப் பேணுவதும், மக்கள் அதனைக் கண்டு மகிழ வழிசெய்வதும், வருங்காலத் தலைமுறைக்கு அதனைக் குறைவின்றி விட்டுச்செல்வதும் அதன் கடமைகளாயின. ஹெட்ச் ஹெட்சியின் இழப்பு இத்தகைய அமைப்பின் தேவையைப் பலருக்கும் உணர்த்தியிருந்தது.

யோசெமிட்டியின் ஆண்டுப் பார்வையாளர் எண்ணிக்கை 1954இல் பத்து இலட்சத்தைக் கடந்தது. ஓல்ம்ஸ்டெட் கணித்த நூறாண்டுக்கு முன்னரே இது நிகழ்ந்தது. 2016இல் அது 50 இலட்சத்தையும் கடந்தது. இவர்களில் பெரும்பாலோர் குறுகிய பள்ளத்தாக்கின் தரையிலேயே கூடுகின்றனர். இதனால் காலப்போக்கில் பல கட்டுப்பாடுகள் வகுக்கப்பட்டன:

விடுதிக்காரர்கள் தொடங்கிய வழக்கப்படி, பனியாற்று முனையிலிருந்து எரியும் தணல்களை இரவில் கீழே தள்ளும் காட்சி 1968 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. இயற்கைக்கு மாறான இக்காட்சியைக் காணக் கூடியவர்களின் கால்களில் புல்வெளிகள் மிதிபட்டதே காரணம்.

பள்ளத்தாக்கின் கிழக்குப் பகுதியில் 1970 முதல் இலவசப் பேருந்துகள் இயங்குகின்றன.

ஹாஃப் டோம் உச்சிக்குச் செல்லும் கம்பிவடப் பாதையை 1919இல் சியெரா கழகமே அமைத்தது. அங்கு நெரிசல் ஆபத்தானதாக மாறியதால் 2010 முதல் அனுமதிச் சீட்டு நடைமுறைக்கு வந்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 பேருக்கு மட்டுமே அனுமதி என வரையறுக்கப்பட்டது.

மாரிபோசா தோப்பு 2015 முதல் 2018 வரை மூடப்பட்டுச் சீரமைக்கப்பட்டது. வேர்களை நசுக்கிய தார்ச்சாலைகள் அகற்றப்பட்டு, வண்டி நிறுத்துமிடம் தொலைவுக்கு மாற்றப்பட்டது.

2020, 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் முன்பதிவு செய்த வண்டிகளுக்கு மட்டும் நெரிசல் மிக்க காலங்களில் அனுமதி வழங்கப்பட்டது.

பாறைகளும் தம் இயல்பில் தொடர்ந்து மாறுகின்றன. கருங்கற் சுவர்கள் வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக உரிந்து விழுவது இங்கு இயற்கை நிகழ்வு. 2008 அக்டோபரில் ஏற்பட்ட பாறைச் சரிவிற்குப் பின், சுவரின் அடியில் இருந்த பல தங்குமிடங்கள் நிலையாக மூடப்பட்டன. பார்வையாளரிடமிருந்து பாறையைக் காப்பதோடு, பாறையிடமிருந்து பார்வையாளரைக் காப்பதும் நிர்வாகத்தின் பணியாகிவிட்டது.

மியூர் முளையடித்து அளந்த மக்லூர் பனியாறு ஏறத்தாழ அதே வேகத்தில் நகர்வதாகவும், அதன் அருகிலுள்ள லையல் பனியாறு நகர்வதை நிறுத்திவிட்டதாகவும் 2013இல் பூங்காச் சேவை அறிவித்தது. அலாஸ்காவின் மியூர் பனியாறும் பெரிதும் பின்வாங்கி இப்போது கடலைத் தொடுவதில்லை. உலகம் வெப்பமடைவதால் உருகும் பனியை எந்தப் பூங்கா எல்லையாலும் வேலியிட்டுக் காக்க இயலாது.

விமர்சனங்கள்

மியூர் தமது தொடக்ககால எழுத்துகளில் பழங்குடி மக்களையும் கறுப்பின மக்களையும் இழிவாகக் குறிப்பிட்டுள்ளார். பிற்காலத்தில் அலாஸ்காவில் பழங்குடியினருடன் பழகிய பின் அவரது பார்வை ஓரளவு மாறியது. 2020 ஜூலையில் சியெரா கழகம் தன் நிறுவனரின் இக்கருத்துகளை வெளிப்படையாகக் கண்டித்தது.

மனிதர் தொடாத இயற்கை என்று மியூர் வருணித்த பள்ளத்தாக்கு, உண்மையில் அவானீச்சி மக்கள் பல நூற்றாண்டுகள் வாழ்ந்து, அளவாகத் தீயிட்டுப் பேணிய நிலமாகும். மியூர் பெரிதும் வியந்த திறந்த புல்வெளிகள் அவ்வுழைப்பின் விளைவுகள். தீயிடல் நிறுத்தப்பட்ட பின் அவற்றில் மரங்கள் அடர்ந்தன. சுற்றுலாவுக்காகவும் பாதுகாப்புக்காகவும் ஒரு மரபிடத்தை ஒதுக்கும்போது, அங்கு ஏற்கெனவே வாழ்பவர்களின் இடம் எது என்ற கேள்வியை இவ்வரலாறு எழுப்புகிறது. பள்ளத்தாக்கில் எஞ்சியிருந்த இறுதிப் பழங்குடிக் குடியிருப்பும் 1969இல் அகற்றப்பட்டது.

நூல்களும் நினைவுச் சின்னங்களும்

கலிபோர்னியாவின் மலைகள் (1894), நமது தேசியப் பூங்காக்கள் (1901), சியெராவில் எனது முதல் கோடைக்காலம் (1911), யோசெமிட்டி (1912), எனது சிறுவப் பருவமும் இளமையும் (1913) ஆகியவை மியூரின் முக்கிய நூல்கள். அலாஸ்காப் பயணங்கள் (1915) அவரது மறைவுக்குப் பின் வெளிவந்தது.

சான் பிரான்சிஸ்கோவின் அருகிலுள்ள செம்மரக் காடு 1908இல் மியூர் காடு என்னும் பெயருடன் தேசிய நினைவுச்சின்னமானது. யோசெமிட்டியிலிருந்து விட்னி சிகரம் வரை செல்லும் ஏறத்தாழ 340 கிலோமீட்டர் நீளமான நடைபாதை ஜான் மியூர் பாதை எனப்படுகிறது. மார்ட்டினஸ் நகரில் அவர் வாழ்ந்த வீடு 1964 முதல் தேசிய வரலாற்றுச் சின்னமாகப் பேணப்படுகிறது. 2005இல் வெளியான கலிபோர்னியாவின் கால் டாலர் நாணயத்தில், ஹாஃப் டோமை நோக்கி நிற்கும் மியூரின் உருவம் பொறிக்கப்பட்டது.